பாதாளம் போனவன் கையில் என்ன இருந்தது?

கிரேக்கப் புராணத்தில் உயிரோடு பாதாளத்துக்குப் போய் உயிரோடு திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹெர்குலிஸ் போனான், நாயைப் பிடித்து வந்தான். ஆர்ஃபியூஸ் போனான், செத்த மனைவியைக் கூட்டிவரப் பார்த்துக் கோட்டைவிட்டான். தீசியஸ் நண்பனோடு போனான், போன இடத்தில் மாட்டிக்கொண்டான். ஒடிசியஸும் போனான்... அவன் போய் என்ன செய்தான் என்று கேட்டால், கதை தெரிந்தவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். சண்டை கிடையாது, திருட்டு கிடையாது, காதலும் கிடையாது. ஒரு குழி வெட்டினான், பக்கத்தில் வாளோடு உட்கார்ந்தான், வந்த ஆவிகளோடு பேசினான், கடைசியில் பயந்து கப்பலுக்கு ஓடி வந்தான். அவ்வளவுதான்.

ஆனால் இத்தனை பாதாளப் பயணங்களிலும் உருப்படியான பயணம் இந்த ஒன்றுதான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் மற்றவர்களை சீக்கிரம் பார்த்துவிடலாம். ஹெர்குலிஸுக்குக் கொடுக்கப்பட்ட பன்னிரண்டு வேலைகளில் கடைசி வேலை, பாதாளத்தின் காவல்நாய் செர்பெரஸைப் பிடித்து வருவது. ஆயுதம் இல்லாமல் அடக்க முடிந்தால் கொண்டுபோ என்றான் பாதாளத்தின் அரசன் ஹேடிஸ். ஹெர்குலிஸும் வெறும் கையால் கழுத்தை நெரித்து அடக்கி மேலே கொண்டுவந்தான். வேலை கொடுத்த ராஜா யூரிஸ்தியஸ் பயத்தில் ஒரு பெரிய ஜாடிக்குள் பதுங்குகிற காட்சி, கி.மு. 6ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பானையில் தீட்டப்பட்டு இன்றைக்கும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பு வரும். சரி, அப்புறம் நாய் என்ன ஆயிற்று? திரும்பக் கொண்டுபோய்க் கீழேயே விட்டுவிட்டான்! வரவு செலவு பார்த்தால் மிச்சம் பூஜ்யம்.

தீசியஸ் கதை இன்னும் மோசம். அவன் நண்பன் பிரிதஸுக்கு ஹேடிஸின் மனைவி பெர்சபனியையே கட்டிக்கொள்ள ஆசை. இரண்டு பேரும் நேராகப் போய் நின்றார்கள். "உட்காருங்கள்" என்று மரியாதையாக ஆசனம் காட்டப்பட்டது. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் வந்த ஹெர்குலிஸ் தீசியஸை மட்டும் இழுத்து விடுவித்தான். நண்பன் அங்கேயே இருந்துவிட்டான்.

ஆர்ஃபியூஸ் எல்லோருக்கும் பிடித்தவன். பாட்டாலேயே பாதாளத்தை உருக்கினான், திரும்பிப் பார்க்காதே என்ற நிபந்தனையை மீறினான், மனைவி யூரிடிசியை இரண்டாவது முறையும் இழந்தான். இன்று நாம் கேட்கிற உருக்கமான வடிவம் வெர்ஜில், ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர்கள் வழியாக வந்தது. கிரேக்கர்கள் எல்லோரும் அவனுக்காகக் கண்ணீர் விடவில்லை. பிளேட்டோவின் 'சிம்போசியம்' நூலில் பேசுகிற ஃபீட்ரஸ் அவனைக் கோழை என்றே திட்டுகிறான். காதலுக்காகச் சாகத் துணியாமல் உயிரோடு உள்ளே நுழைய வழி பார்த்தவன், அதனால் தேவர்கள் அவனுக்கு மனைவியைக் காட்டாமல் வெறும் நிழலைக் காட்டி அனுப்பினார்கள் என்கிறான். கொஞ்சம் அநியாயமான தீர்ப்புதான், ஆனாலும் சுவாரசியமானது.

இதில் தமாஷ் என்னவென்றால், கீழே போய் ஆளையே கூட்டிக்கொண்டு வந்தவன் ஒரு நகைச்சுவை நாடகத்தில் வருகிறான். கி.மு. 405ல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' நாடகத்தில் டயோனிசஸ் தேவன் ஹெர்குலிஸ் வேஷம் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். கிளம்புவதற்கு முன் நிஜ ஹெர்குலிஸிடமே போய், வழியில் மூட்டைப்பூச்சி குறைவாக இருக்கிற சத்திரம் எது என்றெல்லாம் விசாரிக்கிறான். யூரிபிடீஸைக் கூட்டிவரப் போனவன், கடைசியில் மனம் மாறி எஸ்கிலஸைக் கூட்டி வருகிறான். வெற்றிகரமான பாதாளப் பயணம் என்றாலே அது காமெடியாகத்தான் இருக்கும் போல :-)

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1949ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசஃப் கேம்பெல் ஒரு புத்தகம் எழுதினார். உலகத்துப் புராணங்கள் எல்லாவற்றிலும் ஒரே நாயகன், ஒரே பயணம்தான் இருக்கிறது என்பது அவருடைய வாதம். வீட்டை விட்டுக் கிளம்புவான், இருட்டுக்குள் இறங்குவான், சோதனையை ஜெயிப்பான், ஊருக்கு உபயோகமான பரிசோடு திரும்புவான். ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தபோது இந்தப் புத்தகம் தனக்கு உதவியதாகச் சொன்னார். 1980களில் கிறிஸ்டோபர் வோக்லர் இதையே திரைக்கதை ஃபார்முலாவாகச் சுருக்கி ஹாலிவுட்டில் சுற்றுக்கு விட்டார். அங்கிருந்து மெல்ல மார்க்கெட்டிங் பாடத்துக்கும் தலைமைப்பண்புப் பயிலரங்குகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கு பி.காம் படிக்கிற மாணவன் ஹோமரைத் தொட்டிருக்க மாட்டான், ஆனால் 'நாயகனின் பயணம்' என்ற வட்டப் படத்தைத் திரையில் பார்த்திருப்பான். கீழே விழு, கஷ்டப்படு, பரிசோடு எழுந்து வா! கம்பெனி தொடங்குகிறவனும் ஹீரோ, சோப்பு வாங்குகிற வாடிக்கையாளரும் ஹீரோ.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரேக்கர்களின் பாதாளக் கதைகளை அந்த வட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தால் பரிசு என்கிற இடம் காலியாக நிற்கிறது. நாய் திரும்பப் போய்விட்டது, நண்பன் அங்கேயே, மனைவி புகையாகிவிட்டாள்.

ஒடிசியஸ் கதைக்கு வருவோம். ஹோமரின் 'ஒடிசி'யில் மொத்தம் 24 பகுதிகள். பாதாளம் 11வது பகுதி. ட்ராய் போர் முடிந்து ஊர் திரும்புகிற வழியில், மாயக்காரி சர்சியின் தீவில் ஒரு வருடம் சாப்பாடும் மதுவுமாகக் கழித்துவிட்டு, வீட்டுக்குப் போகிறேன் என்கிறான் ஒடிசியஸ். போகலாம், அதற்கு முன் ஹேடிஸின் வீட்டுக்குப் போய் செத்துப்போன குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸிடம் வழி கேட்டு வா என்கிறாள் சர்சி. இதைக் கேட்டதும் வீரன் என்ன செய்கிறான்? படுக்கையில் உட்கார்ந்து அழுகிறான். புரண்டு புரண்டு அழுகிறான். ஹோமர் இதை மறைக்கவே இல்லை.

வடகாற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போக, உலகத்தைச் சுற்றி ஓடும் ஓசியானஸின் கரையில், சூரியனே எட்டிப் பார்க்காத கிம்மேரியர்களின் மூடுபனி நாட்டுக்கு அருகே இறங்குகிறான். வாளால் ஒரு முழ நீளம் ஒரு முழ அகலத்தில் குழி வெட்டுகிறான். அதில் தேனும் பாலும், பிறகு மது, பிறகு தண்ணீர் ஊற்றி, மேலே பார்லி மாவைத் தூவி, ஆடுகளை அறுத்து ரத்தத்தை விடுகிறான். ரத்த வாசனைக்கு ஆவிகள் மொய்த்துக்கொண்டு வருகின்றன. ரத்தம் குடித்தால்தான் அவற்றுக்கு நினைவு வரும், பேச்சு வரும். ஆக, அவன் கீழே இறங்கவே இல்லை, வாசலிலேயே உட்கார்ந்து ஆட்களை வரவழைத்தான் என்றும் சொல்லலாம். (பின்னால் சிசிஃபஸ் பாறை உருட்டுவதையெல்லாம் நேரில் பார்த்ததாக வருகிறது. குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிப் பார்த்தான் என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதை விட்டுவிடுவோம்.)

முதலில் வருகிறவன் அரசனும் இல்லை, வீரனும் இல்லை. எல்பெனார். கப்பலில் இருந்தவர்களிலேயே சின்னப் பையன், பெரிய தைரியசாலியும் அல்ல, புத்திசாலியும் அல்ல. குடித்துவிட்டு சர்சி வீட்டு மொட்டைமாடியில் தூங்கியவன், காலையில் கிளம்புகிற சத்தம் கேட்டு எழுந்து, ஏணியை மறந்து அப்படியே இறங்கப் போய்க் கழுத்து முறிந்து செத்தான். கிளம்புகிற அவசரத்தில் அவனை யாரும் அடக்கம்கூடச் செய்யவில்லை. கப்பலில் வந்த எனக்கு முன்னால் நடந்தே எப்படி வந்து சேர்ந்தாய் என்று ஒடிசியஸ் அப்பாவியாகக் கேட்கிறான்! எல்பெனார் பழி சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது என்னை எரித்து, கடலோரம் ஒரு மேடு கட்டி, நான் வலித்த துடுப்பை அதன் மேல் நட்டு வை என்று மட்டும் கேட்கிறான். ஒடிசியஸ் அதைச் செய்யவும் செய்தான்.

அடுத்து வருகிறவள் அம்மா ஆன்டிக்ளியா. ட்ராய்க்குக் கிளம்பும்போது உயிரோடு விட்டுவந்தவள். அவள் இறந்த செய்தியே மகனுக்கு அந்தக் குழியின் விளிம்பில்தான் தெரிகிறது. ஆனாலும் வாளை நீட்டி அவளைத் தடுக்கிறான், ஏனென்றால் முதலில் குடிக்க வேண்டியவர் டைரீசியஸ். வந்த வேலை முக்கியம் அல்லவா.

அப்படி முக்கியமாகக் கேட்ட தகவல்தான் என்ன? சூரியதேவனின் மாடுகளைத் தொடாதே, தொட்டால் கப்பலும் ஆட்களும் போய், நீ தனியாக, வேறு யாருடைய கப்பலிலோ, தாமதமாக வீடு போவாய் என்கிறார் டைரீசியஸ். வீட்டிலும் உன் மனைவியை மணக்கக் கேட்டு ஒரு கூட்டம் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். எல்லாம் முடிந்தபின் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கடலே தெரியாத, சாப்பாட்டில் உப்பு போடத் தெரியாத ஜனங்களிடம் நடந்து போ. அங்கே ஒருவன் அந்தத் துடுப்பை தானியம் தூற்றுகிற பலகை என்று நினைத்துக்கொள்வான், அங்கே அதை நட்டுக் கடல்தேவன் போசைடனுக்குப் பலி கொடு என்கிறார். அழகான இடம். ஆனால் கேட்கப் போன வழி? கடலில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே ஆபத்து என்பதையெல்லாம் 12வது பகுதியில் விவரமாகச் சொல்கிறவள், அனுப்பி வைத்த அதே சர்சி! மாடுகளைப் பற்றிய எச்சரிக்கையும் அவள் வாயாலேயே மறுபடி வருகிறது. இதைக் கதையின் ஓட்டை என்று சிலர் சொல்வார்கள். வேறுவிதமாகவும் பார்க்கலாம். வழி என்பது ஒரு சாக்கு. ஹோமருக்கு இவனை அங்கே உட்கார வைக்க வேண்டியிருந்தது, மற்றவர்களின் பேச்சைக் கேட்பதற்காக.

இப்போதுதான் அம்மா ரத்தம் குடித்து மகனை அடையாளம் காண்கிறாள். எப்படி இறந்தாய், நோயா என்கிறான். நோய் இல்லை, உன்னை நினைத்து ஏங்கியே போனேன் என்கிறாள். அப்பா லேயர்டீஸ் உயிரோடு இருக்கிறார், ஆனால் குளிர்காலத்தில் வேலைக்காரர்களோடு அடுப்புச் சாம்பலில் படுக்கிறார் என்றும் சொல்கிறாள். மூன்று முறை அவளைக் கட்டிப்பிடிக்கப் போகிறான். மூன்று முறையும் நிழல்போலக் கையிலிருந்து நழுவிப் போகிறாள். ட்ராய் நகரத்தையே வீழ்த்திய மூளைக்காரனின் கையில் அந்த நேரத்தில் இருந்தது வெறும் காற்று.

ஒரு சின்ன இடைவேளை. இந்தக் கதை முழுவதையும் சொல்வது ஹோமர் அல்ல, ஒடிசியஸே. ஃபியேசியர்களின் அரண்மனை விருந்தில், ராஜா அல்சினஸ் முன்னிலையில் சொல்கிறான். சுவாரசியம் உச்சத்தில் இருக்கும்போது, நேரமாகிவிட்டது, தூங்கப் போகலாமே என்று நிறுத்துகிறான். உடனே ராணி, இவருக்கு இன்னும் பரிசுகள் கொடுக்க வேண்டும் என்கிறாள். ராஜா, உன்னைப் பார்த்தால் பொய்யன் மாதிரி தெரியவில்லை, மேலே சொல் என்கிறான். வியாபாரம் தெரிந்தவன்! அவன் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகத்தை ஹோமரே நம் காதில் போட்டுவிடுகிறார். ஆனால் பொய்யனாகவே இருந்தாலும், தன் பெருமை பேசவேண்டிய இடத்தில் அவன் சொல்லத் தேர்ந்தெடுத்தவை தன்னைக் குத்துகிற விஷயங்களாக இருக்கின்றன. அடக்கம் செய்யாமல் விட்டுவந்த பையன், ஏங்கிச் செத்த அம்மா.

இடைவேளைக்குப் பிறகு பழைய சகாக்கள் வருகிறார்கள். படைக்கே தலைவனாக இருந்த அகமெம்னான், ஊர் திரும்பிய கையோடு விருந்தில் மனைவியும் அவள் காதலனும் சேர்ந்து கொன்ற கதையைச் சொல்லி அழுகிறான். பத்து வருட யுத்தத்தை ஜெயித்தவன் சாப்பாட்டு மேஜையில் செத்தான்.

பிறகு அகில்லஸ். இவனைப் பற்றிக் கொஞ்சம் முன்கதை வேண்டும். 'இலியட்' காவியத்தில் அகில்லஸ் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ட்ராயில் நின்று போரிட்டால் சின்ன வயதில் சாவு, ஆனால் அழியாத புகழ். வீட்டுக்குப் போனால் நீண்ட ஆயுள், ஆனால் யாருக்கும் பெயர் தெரியாது. அவன் முதல் வழியில் போனான். அவன் பெயர் இத்தனை நூற்றாண்டு கழித்து இங்கே எழுதப்படுவதைப் பார்த்தால் டீல் நிறைவேறிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

ஒடிசியஸும் அதையே சொல்கிறான். உயிரோடு இருந்தபோது உன்னைத் தேவனுக்குச் சமமாக வைத்திருந்தோம், இங்கேயும் நீ பெரிய ஆள், செத்ததற்காக வருத்தப்படாதே என்று சமாதானம் சொல்கிறான். அகில்லஸ் சீறுகிறான். சாவைப் பற்றி எனக்கு ஆறுதல் சொல்லாதே என்கிறான். இங்கே செத்தவர்கள் எல்லோருக்கும் அரசனாக இருப்பதா, மேலே தனக்கே வயிற்றுக்குப் போதாத ஓர் ஏழையிடம் கூலிக்கு நிற்பதா என்றால், கூலி வேலைதான் தனக்கு வேண்டும் என்கிறான். அன்றைய கிரேக்கத்தில் கூலியாள் என்றால் சாதாரண இறக்கம் இல்லை. அடிமைக்காவது ஒரு வீட்டின் சோறும் கூரையும் உண்டு, கூலியாளுக்கு அதுவும் நிச்சயம் இல்லை. அந்த இடம்கூடப் பரவாயில்லை என்கிறான் கிரேக்கர்களிலேயே முதல் வீரன்.

பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. வெற்றி பெற்றவர்கள் மேடையில் ஏறிப் பேசும்போது கஷ்டத்தைச் சொல்வார்கள், உழைப்பைச் சொல்வார்கள், இந்தக் கணக்கை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, மேடையே அந்தத் தேர்வின் பலன் அல்லவா. அதைச் சொல்ல மேடை இல்லாத ஓர் இடம் வேண்டும். ஹோமர் அதற்குத்தான் பாதாளத்தைப் பயன்படுத்திக்கொண்டார். இருப்பதிலேயே பெரிய வெற்றிக்காரனை அங்கே நிறுத்தி, கைவிட்டது என்ன விலை என்று சொல்ல வைத்தார்.

இதற்கு மறுப்பு உண்டு. கோபமாகப் பேசிய அகில்லஸ் உடனே மகன் நியோப்டாலமஸைப் பற்றி விசாரிக்கிறான், அவன் போரில் முன்னணியில் நின்றான் என்று கேட்டதும் அஸ்ஃபோடெல் பூத்த வெளியில் எட்டு வைத்து சந்தோஷமாக நடந்து போகிறான்; ஆக, புகழ்மீது இன்னும் அவனுக்கு ஆசைதான் என்பார்கள். நியாயமான வாதம். ஆனால் அவன் மகனை மட்டும் கேட்கவில்லை, அப்பா பீலியஸையும் கேட்கிறான். வயதான காலத்தில் அவரை யாராவது அவமதிக்கிறார்களா, ஒரு கொஞ்ச நேரமாவது மேலே வந்து அவருக்குத் துணை நிற்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஏங்குகிறான். அப்பாவைப் பற்றி ஒடிசியஸுக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்த பாதிக்கு சந்தோஷப்பட்டுக்கொண்டு போகிறான் அகில்லஸ். இது வீட்டு ஞாபகம். வீரப் பெருமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அப்புறம் ஏஜாக்ஸ். அகில்லஸ் செத்தபின் அவன் கவசம் யாருக்கு என்ற போட்டியில் ஒடிசியஸிடம் தோற்று, அந்த அவமானத்தில் இறந்தவன். ஒடிசியஸ் கெஞ்சுகிறான், அந்தப் போட்டியில் ஜெயிக்காமலே இருந்திருக்கலாம் என்கிறான். ஏஜாக்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் இருட்டுக்குள் திரும்பிப் போய்விடுகிறான். எந்தப் பேச்சையும்விட அந்த மௌனம் உயர்ந்தது என்று பழைய கிரேக்க விமர்சன நூலான 'உன்னதம் பற்றி' பாராட்டுகிறது. ஜெயித்தவன் மன்னிப்புக் கேட்க நினைக்கும்போது கேட்க ஆள் இல்லை.

சரி, இத்தனையும் கேட்டுவிட்டு வந்தவன் கையில் என்ன இருந்தது?

அதற்குப் பதில் 5வது பகுதியில் இருக்கிறது. புத்தக வரிசையில் அது முன்னால் வந்தாலும், நடந்த வரிசையில் பாதாளத்துக்குப் பின்னால் நடந்தது. கப்பலையும் ஆட்களையும் இழந்து, கலிப்ஸோ என்ற தேவதையின் தீவில் ஏழு வருடம் கிடக்கிறான் ஒடிசியஸ். என்னோடே இருந்தால் உனக்கு சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது என்கிறாள் அவள். உன் மனைவியைவிட நான் அழகு குறைவா என்றும் கேட்கிறாள். இல்லை, நீதான் அழகு, அவள் மனுஷி, வயதாகும், சாவாள், இருந்தாலும் வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்கிறான். சாவு எப்படிப்பட்டது என்று தெரியாதவன் இதைச் சொன்னால் சும்மா வசனம். இவன் அம்மாவின் நிழலைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தவன். அகில்லஸின் வாயால் கேட்டவன். தானும் ஒருநாள் அங்கேதான் போகவேண்டும் என்று தெரிந்தே வேண்டாம் என்கிறான். பரிசு என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் அந்த 'வேண்டாம்' தான் பரிசு. ஊருக்கு எந்த உபயோகமும் இல்லாத பரிசு. வட்டப் படத்தில் வரையவும் முடியாது.

ரோமானியர்களுக்கு இது போதவில்லை. வெர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில் ஈனியஸ் பாதாளம் போனால், செத்த அப்பா வரிசையாக வருங்கால ரோமானியத் தலைவர்களைக் காட்டி, அகஸ்டஸ் சீசர் வரைக்கும் அறிமுகம் செய்து, மகனுக்குப் புகழாசை மூட்டி அனுப்புகிறார். கவிதை பிரமாதம்தான். ஆனால் அகில்லஸ் சொன்னதற்கு நேர் எதிர்த்திசை. அரசாங்கத்துக்குப் பிடித்த பாதாளம்.

பிளேட்டோவுக்கோ அகில்லஸின் அந்தப் பேச்சு ஆபத்தாகத் தெரிந்தது. 'குடியரசு' நூலின் 3ம் பகுதி தொடக்கத்தில் சாக்ரடீஸ், ஹோமரிலிருந்து நீக்கவேண்டிய இடங்களைப் பட்டியல் போடுகிறார். முதலில் நிற்பதே கூலியாள் பேச்சுதான். இதைக் கேட்டு வளர்கிற பையன்கள் சாவுக்குப் பயப்படுவார்கள், நல்ல சிப்பாய் ஆகமாட்டார்கள் என்பது காரணம். தணிக்கை செய்ய நினைத்தவருக்கு எது கூர்மையான இடம் என்று சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே 'குடியரசு' முடிவது ஒரு பாதாளக் கதையில். போரில் செத்து, பன்னிரண்டாம் நாள் சிதையில் உயிர்த்தெழுந்த ஏர் என்ற வீரன், அங்கே பார்த்ததைச் சொல்கிறான். ஆன்மாக்கள் சீட்டுப் போட்டு அடுத்த பிறவியைத் தேர்ந்தெடுக்கின்றன. மனுஷப் பிறவியே வேண்டாம் என்று ஏஜாக்ஸ் சிங்கமாகிறான், அகமெம்னான் கழுகாகிறான், ஆர்ஃபியூஸ் அன்னமாகிறான். கடைசிச் சீட்டு ஒடிசியஸுக்கு. பழைய கஷ்டங்களை நினைத்து பேராசையெல்லாம் விட்டுப்போன அந்த ஆன்மா, எந்தப் பதவியும் தொல்லையும் இல்லாத ஒரு சாதாரண மனுஷனின் வாழ்க்கையை நெடுநேரம் தேடுகிறது. மற்றவர்கள் யாரும் சீண்டாமல் அது ஒரு மூலையில் கிடக்கிறது. முதல் சீட்டே கிடைத்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன் என்று சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறது.